தொடர்புக்கு: அப்துல் ஹலீம்

“இணைய முகவரிப் பதிவேட்டுல உங்க கம்பெனிக்குத் தொடர்பு ஆள்னு அப்துல் ஹலீம் பேரும் நம்பரும் இருக்கு. அதை எடுத்துடுங்கம்மா,” என்றார் பெரியவர்.

கே.கே. நகரில் அந்த இணையச் சேவை நிறுவனத்தின் அலுவலகத்தில் சுபலட்சுமி பொறுப்பேற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

“கம்பெனியை ஆரம்பிச்சவர் சார் அவர். ரிட்டயர் ஆனாலும் மரியாதைக்கு வச்சிருக்கோம்.”

“அது மரியாதைக்கு இல்லம்மா. போன வாரம் உங்க இணைய முகவரிகளை வேற யாரோ தன்னோடதுன்னு நெட்வொர்க்குல அறிவிச்சு, உங்களுக்கு வர வேண்டியதெல்லாம் அங்க போயி, அரை நாள் உங்க கஸ்டமர் யாருக்கும் நெட் இல்ல. எச்சரிக்கை பண்ண, பதிவேட்டைப் பார்த்து அவரைத்தான் கூப்பிட்டிருக்காங்க. அவர் உங்ககிட்ட சொல்லல.”

சுபலட்சுமிக்குச் சுருக்கென்றது. “அவர் மேல உங்களுக்கு என்ன சார் கோபம்?”

“அந்தப் போனை எடுத்துப் பேசினதே நான்தாம்மா. வச்சதும் மறந்துட்டேன். இனிமே இப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார்.”

அவள் எழுந்து நின்றாள். பிறகு பதிவேட்டைத் திறந்து, அவர் பெயருக்குக் கீழே தன் பெயரையும் எண்ணையும் அடித்தாள். அவர் பெயரை அழிக்கத்தான் கை வரவில்லை.

ஹலீம் திரையில் தன் பெயரையே பார்த்தார்.

“அப்போ துவாக்குடியில ஒரே ரூம்தான் ஆபீஸ். நானும் என் வீட்டம்மா ஜஹானாராவும் தரையில உட்கார்ந்து இந்த ஃபார்மை நிரப்பினோம். அது மட்டும் நேத்து நடந்த மாதிரி இருக்கு,” என்றவர், தன் பெயரைத் தானே அழித்தார்.