ஷெட்டில் நிற்கிற வண்டி

எட்வினின் போன், அதில் ஒரு படத்தோடு, கை மாறி வந்துகொண்டிருந்தது. அவரிடம் வர இன்னும் ஒருவர்தான் பாக்கி.

ஞாயிறு காலை. ரேஸ்கோர்ஸ் டீக்கடை பெஞ்சு. எதிரே வரிசையாகப் பழைய வண்டிகள். கிட்டுசாமியின் பியட், எட்வினின் அம்பாசிடர், யாருடையதோ ஒரு ஜீப்.

அவர் மட்டும் பஸ்ஸில் வருகிறவர்.

"ஹெரால்டு காருங்க," என்றார் எட்வின். "பொள்ளாச்சி ரோட்டுல, ஒரு பட்டறைக்குப் பின்னால கெடக்குது. போன வாரம் பார்த்தேன்."

அவருடைய வண்டியும் ஹெரால்டுதான். ஷெட்டில் நிற்கிறது, ரெடி பண்ணி ஒருநாள் எடுத்துவருகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார்.

ஷெட் கிடையாது.

மனைவி இறந்த பிறகு வீட்டைக் கொடுத்துவிட்டு மாடி அறை ஒன்றுக்கு வந்தார். அந்தச் சந்தில் சைக்கிள் திரும்பவே இடமில்லை. வண்டியை ஒரு மெக்கானிக்குக்கு விற்றார். மெக்கானிக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

இதை மட்டும் பெஞ்சில் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கேள்வி நின்றுவிடும்.

"உங்க ஹெரால்டு எப்படீங்க இருக்குது?"

டீ வந்ததும் கிட்டுசாமி கேட்பார். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். மற்ற ஆறு நாளும் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

அதனால் புதன்கிழமையே பதிலை யோசிக்க ஆரம்பித்துவிடுவார். ஒரு வாரம் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒரு வாரம் பேட்டரி இறங்கிவிட்டது. மழைக்காலத்தில் பிரேக் பிடித்துக்கொண்டது. இல்லாத வண்டிக்கு அவ்வளவு வேலை.

எதைச் சொன்னாலும் கிட்டுசாமி மறுப்பார். "அட, கார்புரேட்டர்ல என்னங்க இருக்குது? மொதல்ல பாயிண்டைப் பாருங்க!" அரை மணி நேரம் சண்டை நடக்கும். டீ ஆறிப் போகும். பஸ்ஸில் திரும்பும்போது அதை நினைத்து அவருக்குச் சிரிப்பு வரும்.

போன் அவர் கைக்கு வந்தது.

முன்பக்கத்திலிருந்து எடுத்த படம். பச்சை வண்டி. நம்பர் பிளேட் இல்லை. பானெட் இடுக்கில் கொடி ஏறி ஒரு பூ பூத்திருந்தது.

இடது ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு கீறல். வீட்டு கேட்டில் உரசியது. அவர் மனைவி முதலும் கடைசியுமாக வண்டி ஓட்டிய நாள் அது.

"உங்க வண்டியாட்டவே இருக்குதுங்களே," என்றார் கிட்டுசாமி.

"இருக்கும். என்னுது ஷெட்டுல நிக்குதுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தார். அத்தோடு முடிந்திருக்கும்.

எட்வின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எவனோ பாழாக்கி வெச்சிருக்கானுங்க. இது கம்பெனி கலரே இல்ல. வீட்டு கேட்டுக்கு அடிச்ச பெயிண்டுல மிச்சத்தை இதுக்கு அடிச்சுட்டான்."

அவர் ஒரு வாய் டீ குடித்தார்.

சும்மா இருந்திருக்கலாம். எட்வின் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சும்மா இருந்திருப்பார்.

"கம்பெனி கலர்தானுங்க அது," என்றார். "பெயிண்டே அடிச்சதில்ல. எழுபத்தொம்பதுல மாடு முட்டுனப்ப டிக்கிக்கு மட்டும் கொஞ்சம் டச் பண்ணுனது."

படத்தில் டிக்கி தெரியவில்லை.

எட்வின் போனைச் சட்டைப்பையில் போட்டார். கிட்டுசாமி தன் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாரோ டயர் கிடைப்பதில்லை என்று ஆரம்பித்தார்கள்.

அந்த வாரம் அவர் புதன்கிழமை வரை காத்திருக்கவில்லை. திங்களே பதில் தயாராகிவிட்டது.

"வித்துட்டேனுங்க. ரெண்டு வருசமாச்சு."

கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. சொன்னால் திட்டுவார்கள். கேலி செய்வார்கள். செய்யட்டும். கிட்டுசாமி ஒரு மாதத்துக்கு விடமாட்டார். நினைக்கவே சந்தோஷமாக இருந்தது.

ஞாயிறு. டீ வந்தது.

"சர்க்கரை போதுங்களா?" என்றார் கிட்டுசாமி.

அவ்வளவுதான் கேட்டார்.

எல்லோரும் அன்று அன்பாக இருந்தார்கள். காற்று வரும் பக்கம் நகர்ந்து இடம் விட்டார்கள். தங்கள் வண்டிகளைப் பற்றிக்கூட அதிகம் பேசவில்லை. பதில் அவர் தொண்டையிலேயே இருந்தது. கேட்காமல் எப்படிச் சொல்வது?

கிளம்பும்போது கிட்டுசாமி பியட்டின் இடது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். "வாங்க, வீட்டுல உட்டுட்டுப் போறேன்."

இரண்டு வருடத்தில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வண்டி வைத்திருப்பவரை இன்னொருவர் ஏற்றிக்கொண்டு போவதில்லை. அந்தப் பெஞ்சில் அது ஒரு மரியாதை.

ஏறிக்கொண்டார்.

மூன்று சிக்னல் தாண்டியது. இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று பார்த்தார். கிட்டுசாமி ரோட்டைப் பார்த்தே ஓட்டினார்.

இன்ஜின் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் கிட்டுசாமி தன் கையாலேயே பிரித்துக் கோத்திருந்தார். அதை யாராவது குறை சொன்னால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுச் சண்டைக்கு வருவார்.

"டைமிங் சரியில்லீங்க," என்றார் அவர். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

கிட்டுசாமி தலையாட்டினார்.

"ஆமாங்க. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."