ஆய்வின் நாயகர்

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்," என்று அலுவலகக் கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாளைக் காலை என் மகளுக்கு ஹானர்ஸ் ஆய்வின் வாய்மொழித் தேர்வு. தேறிவிட்டால் நேராக மேற்படிப்பு!"

சகலர் என்பது, அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்து பெஞ்சில் அப்போது உட்கார்ந்திருந்த இருவர். ஒருவர் மருந்துக்கடைக்காரர். இன்னொருத்தி, அதே மகள்.

மருந்துக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "நீங்க கொடுத்து வச்சவர் சார். சமூகவியல் படிச்ச பொண்ணு, எங்கயும் போகாது, வீட்டோட இருக்கும். என் பையனைப் பாருங்க. இன்ஜினியரிங் முடிக்கிறதுக்குள்ள மூணு கம்பெனி நச்சரிக்குது. எந்தக் கம்பெனிக்குப் போறதுன்னு அவனும் தூங்கலை, எங்களையும் தூங்க விடலை. ஒரே தொல்லை."

கண்காணிப்பாளருக்குச் சுருக்கென்றது. மகள் சமூகவியல் எடுத்தபோது, 'அதைப் படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா?' என்று சொந்தபந்தமே சிரித்தது. 'அவ இஷ்டம்' என்று நின்றவர் அவர் ஒருவர்தான். நாளை அவள் தேறாவிட்டால் மேற்படிப்பு கிடையாது. மருந்துக்கடைக்காரரின் அனுதாபம் மட்டும் ஆயுசுக்கும் கிடைக்கும்.

"வீட்டோடவா? இன்டர்ன்ஷிப்லயே நகர நிர்வாகத்துக்கு ஆலோசனை சொன்னவ சார் என் பொண்ணு!"

"அப்பா, வாடகைதாரர் குறைதீர் அலுவலகத்துல உட்கார்ந்து, வர்றவங்க சொல்ற குறையைக் கேட்டு எழுதினேன். அவ்ளோதான்."

"பார்த்தீங்களா, அடக்கம்! என்னை மாதிரியே."

"குறை கேட்கிற வேலையா?" என்றார் மருந்துக்கடைக்காரர். "எங்கிட்ட வந்தா ஒரு நாள் பத்தாதும்மா. கடையைப் பெரிசாக்கினது என் தப்பு. கூட்டம் தாங்கலை. உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியுதா?"

ஆய்வை எழுதிக் கொடுத்தாகிவிட்டது; ஆனாலும் பழக்கத்தில் மகள் குனிந்து குறித்துக்கொண்டாள்.

ஒரு வருடமாக இது நடக்கிறது. "உங்க பேச்சைக் கேட்டு என் ஆய்வுக்கு எழுதிக்கலாமா?" என்று பெஞ்சில் இருவரிடமும் முறையாக அனுமதி கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள். தலைப்பை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு மாறிவிடுமாம். "தாராளமா," என்றார்கள் இருவரும்.

கண்காணிப்பாளருக்குத் தலைப்பு தேவைப்படவில்லை. தன் அனுபவத்தைத்தான் மகள் அள்ளிக்கொண்டு போகிறாள் என்பது பளிச்சென்று தெரிந்தது. அன்றிலிருந்து அவர் பேசுவதை விட்டுச் சொற்பொழிவாற்றத் தொடங்கினார். அவள் எழுத வசதியாக நடுநடுவே நிறுத்தவும் செய்தார். அந்த இடைவெளியில்தான் மருந்துக்கடைக்காரர் புகுந்து அலுத்துக்கொள்வார். அந்த மனிதருக்கு இங்கிதம் போதாது.

மறுநாள் கல்லூரித் தாழ்வாரத்தில், மூடிய கதவுக்கு வெளியே, கஞ்சி போட்ட சட்டையில் கண்காணிப்பாளர் விறைப்பாக உலாத்தினார். சாட்சிக்கு மருந்துக்கடைக்காரரையும் இழுத்து வந்திருந்தார்.

"கடையை விட்டுட்டு நிக்கிறேன் சார். நான் இல்லேன்னா அங்க ஒரு மாத்திரை நகராது. என் தலையெழுத்து."

"சித்த சும்மா இருங்க சார். உள்ள எம் பொண்ணு பேசிட்டிருக்கா."

உண்மையில் எதுவும் கேட்கவில்லை. அவர் கதவில் காதை வைக்காத குறைதான். 'கணக்கு வரலேன்னுதான் இந்தப் படிப்பா?' என்று கேட்டவர்கள் எல்லாரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள். மகள் ஒரு தடவைகூட யாருக்கும் பதில் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்தது. பேராசிரியை சிரித்தபடி வந்தார். பின்னால் மகள்.

"முதல் தரம்!" என்றார் பேராசிரியை. "மேற்படிப்புக்கு இடம் உறுதி. வெளியிலேருந்து வந்த தேர்வாளர் எழுந்து நின்னு கை கொடுத்தார். 'இப்படிக் காது கொடுத்துக் கேட்கிற மாணவியைப் பார்த்ததில்லை'ன்னார்."

கண்காணிப்பாளருக்குக் கண் நிறைந்துவிட்டது. மகளின் தலையில் கை வைத்தார். சொல்ல ஒன்றும் வரவில்லை. அவர் வாழ்க்கையில் அது அபூர்வம்.

பேராசிரியை தொடர்ந்தார். "இவ ஆய்வுக்குக் கிடைச்ச மனுஷரும் அப்படி. ஒரே ஆளை வச்சு ஒரு முழு ஆய்வு எழுதலாம்னு நாங்களே எதிர்பார்க்கலை."

போன பேச்சு உடனே திரும்பி வந்துவிட்டது. கண்காணிப்பாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார். "வணக்கம். அந்த ஆள் அடியேன்தான்."

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மருந்துக்கடைக்காரரைப் பார்த்து, "மாமா, பேரையெல்லாம் மாத்தித்தான் எழுதியிருக்கேன். இங்க சொல்லலாமா?" என்றாள்.

அவர் குழப்பத்தோடு தலையாட்டினார்.

"அலுத்துக்கிற மாதிரியே பெருமை பேசுறது எப்படிங்கிறதுதான்ப்பா தலைப்பு. ஆய்வு முழுக்க மருந்துக்கடை மாமா."

மருந்துக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். "போச்சு. இனி காலேஜ் காலேஜா என்னைப் படிப்பாங்க. நிம்மதியா ஒரு இடத்துல உட்கார முடியாது."

"அப்ப நான்?" என்றார் கண்காணிப்பாளர்.

"நீங்க நேரடியாவே பெருமை பேசுறவர்ப்பா. அடிக்குறிப்புல வர்றீங்க."