ஈரத்தில் போட்ட பட்டி

"இந்த வேலையைச் செஞ்சவன் எவன் தம்பி? அவன் கையில சுத்தியைக் குடுத்ததே பாவம்!"

பிக்கப் வண்டியின் முன் மட்கார்டில் விரலை ஓட்டியபடியே டிங்கர் பொரிந்து தள்ளினார். வெள்ளைப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியிருந்தது. ஒன்றை ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். பொருக்கு உடைந்து பழுப்புத் துரு பொலபொலவென்று கொட்டியது.

வண்டிக்காரன் செடியும் நாற்றும் ஏற்றி விற்கிற இளைஞன். வழியில் ஏழெட்டுப் பட்டறைகளைத் தாண்டி, விசாரித்து விசாரித்து இங்கே வந்திருந்தான். வாங்கி வைத்த டீ ஆறிப் போயிருந்தது; அவன் தொடவில்லை.

"மேலால தேய்ச்சு பெயின்ட் அடிச்சா போதாதாண்ணே?"

"ஏன் போதாது? அடுத்த மழை வரைக்கும் தாங்கும். நோய் அடியில இருக்கு தம்பி. எவனோ ஈரத் தகட்டுல பட்டியை அப்பி, உலர விடாம பெயின்டை அடிச்சுத் தள்ளிட்டான். தண்ணி உள்ளேயே மாட்டிக்கிட்டு இத்தனை வருஷமா தகட்டைத் தின்னிருக்கு. அவன் மட்டும் இப்ப எதிர்ல வரட்டும், இருக்கு அவனுக்கு!"

இந்த ஒரு விஷயத்தில் டிங்கர் கறார். தகடு சொட்டு ஈரமின்றிக் காயாமல், பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கும் பட்டி டப்பாவைத் திறக்க மாட்டார்; வண்டிக்காரர் தலைகீழாக நின்றாலும் நடக்காது. வானம் கொஞ்சம் கறுத்தாலே பட்டறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கரைந்து போய்விடுவாரா என்ன என்று கடைத்தெருவில் கேலி பேசுவார்கள், அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உப்புத்தாளை மடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். பெயின்ட் போனது. பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் பழைய நசுங்கலும், அதை அரைகுறையாக நிமிர்த்திய சுத்தியடித் தடங்களும் தெரிந்தன. கை தேய்க்கத் தேய்க்க, வாய் அந்த முகம் தெரியாத முட்டாளை வறுத்தெடுத்துக்கொண்டே இருந்தது.

திடீரென்று வாயும் நின்றது, கையும் நின்றது. தடங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. இடது கையில் சுத்தி பிடிப்பவன் அடித்த அடி. அந்த வட்டாரத்தில் அப்படிப் பிடிக்கிற டிங்கர் ஒருத்தர்தான். 'நொட்டாங்கை' என்று பட்டப்பெயர் வாங்கிய அவரேதான்.

அவர் வாழ்நாளில் ஈரத்தில் பட்டி போட்டது ஒரே ஒரு முறை.

"தம்பி, இந்த வண்டியை மழையோட மழையா ஒருத்தர் இங்க கொண்டு வந்தாரு. மாடு குறுக்க வந்துருச்சுன்னு சொன்னாரு."

"எங்க தாய்மாமாண்ணே. போன மாசம் தவறிட்டாரு. வண்டி எனக்கு வந்துருச்சு."

டிங்கர் உப்புத்தாளைக் கீழே வைத்தார். அன்று சாயங்காலம் மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பஸ்ஸிலிருந்து இறங்கும் மகளைக் கூட்டிவர அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து இந்த வண்டி வந்து நின்றது. அந்த ஆள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார், உடம்பெல்லாம் நடுங்கினார். கெஞ்சுகிறவரை விரட்டத் தெரியாத மனுஷர் இவர். அள்ளித் தெளித்த மாதிரி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு ஓடினார்.

மகள் பாதி வழியில் சாலையோரம் கிடந்தாள். ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அப்பாவைக் காணோமே என்று பிள்ளை காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, தானே நடந்து வந்திருக்கிறது என்றார்கள்.

"கொஞ்சம் முன்னாடி போயிருந்தா என்னங்க?" என்று மனைவி அன்று ஒரே ஒரு முறை கேட்டாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. இன்றைக்கும் வேளாவேளைக்குத் தட்டை வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் உள்ளே போய்விடுகிறாள். அவளைக் குறை சொல்ல அவருக்கு வாயில்லை. அதே கேள்வியைத்தான் அவரும் தன்னைத் தினமும் கேட்டுக்கொள்கிறார்.

"இந்த ஒரு வண்டியைத் திருப்பி அனுப்பியிருந்தா எம்பொண்ணு இன்னைக்கு இருந்திருப்பா தம்பி." இடது கையால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். "உங்க மாமா மேல குத்தமில்ல. அவரு கேட்டாரு, நான் செஞ்சேன். நேரத்துக்குப் போகாதது நான்தான். பெத்த பிள்ளையை மழையில நிக்க வச்சுட்டு, எவனோ வண்டிக்குப் பட்டி போட்டுக்கிட்டு இருந்தேன்."

செடிக்காரன் அவர் எதிரில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் கண்கள் நிரம்பியிருந்தன.

"பெயின்ட் அடிக்க நான் வரலைண்ணே. யாரோட பொண்ணுன்னு மாமாவுக்கு மறுநாள்தான் தெரிஞ்சுதாம். எத்தனையோ தடவை உங்க பட்டறை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்காரு. சாகறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீயாவது போய்ச் சொல்லிடுடான்னாரு."

"என்ன சொல்லச் சொன்னாரு?"

"அன்னைக்குக் குறுக்க வந்தது மாடு இல்லைண்ணே."

டிங்கரின் இடது கை அந்தப் பள்ளத்தின் மேலேயே கிடந்தது. எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"பஸ்ஸு சீக்கிரமே வந்துருச்சு போல. உங்க பொண்ணு உங்களைத் தேடி நடந்து வந்திருக்கு. மாமா வண்டியை இங்க கொண்டாந்து நிறுத்தறப்பவே எல்லாம் முடிஞ்சு போச்சாம்." அவன் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க லேட்டா போகலைண்ணே."