கடப்பாரைக்குத் தொண்ணூறு டாலர்

முப்பது வருஷ சிநேகிதத்துக்கு ஏலக்காரர் கேட்ட ஆரம்ப விலை ஐந்து டாலர்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கையில் தூக்கிக் காட்டியது வெறும் கடப்பாரை.

கிளைவின் வயலில், கிளைவின் சாமான்களோடு வரிசையில் கிடந்ததால் அது கிளைவுடையது என்றுதான் கூட்டம் நினைத்தது. அது தன்னுடையது என்று பக்கத்துப் பண்ணை டெஸ்ஸுக்குத் தெரியும்.

நிலம் ஏற்கெனவே கைமாறிவிட்டது. தட்டுமுட்டுச் சாமானிலிருந்து டிராக்டர் வரை இன்றைக்கு ஏலம் போய்விட்டால், திங்கட்கிழமை கிளைவும் அவர் மனைவி பெரிலும் கடலோர ஊர் ஒன்றில் மாடிக் குடியிருப்புக்குப் போய்விடுவார்கள்.

இந்தச் சேதியைக் கிளைவ் சொன்ன அன்று டெஸ் "ஓஹோ" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார். அதன்பின் இரண்டு பேருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழையைப் பற்றி மட்டும் நிறையப் பேசினார்கள்.

டெஸ் பத்து டாலருக்குக் கை தூக்கினார். தேநீர்க் கூடாரத்துப் பக்கமிருந்து யாரோ இருபதுக்கு ஏற்றினார்கள்.

"அது நம்மளுதுன்னு ஒரு வார்த்தை சொல்லேன். சொந்தச் சாமானை ஏலத்துல எடுக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்" என்றார் டெஸ்ஸின் மனைவி நொரீன், சாஸேஜ் ரொட்டியை மென்றபடி.

எப்படிச் சொல்வது? ஒரு மனிதர் பண்ணையைக் கலைத்துவிட்டுப் போகிற நாளில், ஊரே பார்த்திருக்க, அது என்னுடையது என்று விரல் நீட்டினால் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரிதான். காசைக் கொடுத்து வாயை மூடிக்கொள்வதே அந்தப் பக்கத்து மரியாதை.

பல வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு வேலிக்கால் நட வேண்டும் என்றுதான் கிளைவ் அதை இரவல் வாங்கினார். டெஸ்ஸும் திருப்பிக் கேட்கப் போகாமல் இல்லை.

விதைப்புக்கு முன்னால் போவார். கிளைவ் விதைக்கிற எந்திரத்துக்கு அடியில் மல்லாந்து கிடப்பார். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தே பொழுது சாய்ந்துவிடும்.

குளிர்காலத்தில் போனால் ஆடுகள் குட்டி போடுகிற சமயம். ஒருவர் தாயாட்டைப் பிடிக்க மற்றவர் குட்டியை இழுக்க, சேறும் ரத்தமுமாக வந்து நிற்கிற இருவரையும் பெரில் சமையலறை வாசலிலேயே மடக்கி, காலணியைக் கழற்றச் சொல்லி, தேநீர் கொடுப்பார்.

வசந்தத்தில் புல் அறுத்துக் கட்டுகிற வேலை. மேகம் திரண்டு வரும்போது யாராவது கடப்பாரையைப் பற்றிப் பேசுவார்களா?

கோடையில் மண் இறுகிக் கிடக்கும். இதில் போட்டால் கடப்பாரைதான் உடையும் என்று சொல்லி, கிளைவ் ஒரு பீரைக் கையில் திணித்து உட்கார வைத்துவிடுவார்.

டெஸ் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, கொடுக்க மாட்டேன் என்கிறான் என்று நொரீனிடம் அலுத்துக்கொள்வார். அந்த அலுப்பில் கோபத்தைத் தேடினாலும் கிடைக்காது.

ஏலம் நாற்பதுக்கு வந்தது. ஐம்பதுக்கு வந்தது. கூட்டம் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தது. டவுன் கடையில் புத்தம் புதியது அறுபத்தெட்டுக்குக் கிடைக்கும்.

எதிராளி பட்டணத்துப் பழஞ்சாமான் வியாபாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று டெஸ் கறுவினார். கடப்பாரையைக் கொண்டுபோய் ஏதாவது சிற்றுண்டிக் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவான் படுபாவி.

எண்பத்தைந்து என்று டெஸ் கத்தியபோது அவர் குரல் அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது.

தொண்ணூறு என்றது கூடாரத்துப் பக்கம். கூட்டம் விலகியது. சுருட்டிய ஏலப் பட்டியலை இடுப்புக்குப் பின்னால் மறைத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார் கிளைவ்.

தன் வயலில், தன் ஏலத்தில், தன் காசில். ஏலக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்? கமிஷன் யார் கையிலிருந்து வந்தாலும் கமிஷன்தான். சுத்தியலை ஓங்கியபடி அவர் டெஸ்ஸைப் பார்த்தார்.

டெஸ்ஸிடம் பணம் இருந்தது. கை பாதி எழுந்தும் விட்டது.

பாதியில் நின்ற கையால் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

சுத்தியல் விழுந்தது. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளைவ் நேரே டெஸ்ஸிடம் வந்தார்.

"கடற்கரையில, மூணாவது மாடியில, எதைய்யா தோண்டப் போற?" என்றார் டெஸ்.

"அதை நீ வந்து பாரு. நாலு மணி நேர ரோடுதான். கேக்க வரமாட்டியா என்ன?"

மாதத்துக்கு ஒரு தடவையாவது வந்து கேட்காமல் விடப்போவதில்லை என்று டெஸ் மிரட்டினார். கிளைவ் பயந்தவராகத் தெரியவில்லை.

வீடு திரும்பும்போது பிக்கப் வண்டியை டெஸ் ஓட்டினார். பாதி வழியில் நொரீன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, நம் கொட்டகையில் வேறே இரண்டு கடப்பாரை சாத்தி வைத்திருக்கிற விஷயம் கிளைவுக்குத் தெரியும், பெரிலிடம் தான்தான் அந்தக் காலத்திலேயே சொன்னது என்றார்.

டெஸ் கியரை மாற்றினார். மாற்ற வேண்டிய இடமில்லை அது.

அன்றைய கணக்கில் ஏலக்காரருக்குக் கமிஷன் ஒன்பது டாலர் வரவு. தன் பணத்தைத் தனக்கே கொடுத்துக்கொண்ட கிளைவுக்கு அதே ஒன்பது செலவு. டெஸ்ஸுக்கு வரவேண்டிய கடப்பாரை ஒன்று, இன்னும் பாக்கி.