மாமி கியர் பழகுகிறா

“கிளச்சை டக்கெண்டு விடாதேங்கோ மாமி! எத்தினை தரம் சொல்லுறது?”

அனுஜா போட்ட சத்தம் உடுவில் தேவாலய வளவைத் தாண்டி றோட்டுக்கும் கேட்டது.

மோட்டார் சைக்கிள் ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. ஹாண்டிலைப் பிடித்தபடி முழித்தா அருமைநாயகி. அனுஜாவின் கணவனைப் பெற்றவ. அறுபதை நெருங்கும் வயது.

“திருப்பி ஸ்டார்ட் பண்ணுங்கோ. கிளச்சைப் பிடிச்சு முதலாம் கியர். இப்ப கிளச்சை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டு அக்சிலேட்டரைக் குடுங்கோ.”

வண்டி நகர்ந்தது. இரண்டாம் கியரும் விழுந்தது. ஆனால் நிறுத்தச் சொன்னதும் மாமி பதறி, முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தா. மணலில் சில்லு வழுக்கியது. வண்டியோடு சரிந்தா.

முழங்கை உரஞ்சி இரத்தம் கசிந்தது.

வேலிக்கு வெளியே சைக்கிளோடு நின்ற பக்கத்து வீட்டுச் செல்வரட்ணத்துக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளை, உமக்கு நெஞ்சிலை ஈரமில்லையோ? உம்மடை புருசன் உயிரோடை இருந்தால் தாயை இப்பிடி விழ விடுவானோ? விடியச் சந்தைக்கு ஏத்திக்கொண்டு போய் விடுறது உமக்கு அவ்வளவு பாரமாய்ப் போச்சோ?”

அனுஜா ஓடிப்போய் மாமியைத் தூக்கி நிமிர்த்தினாள். மாமியின் காயத்தைத் தன் சால்வையால் துடைத்தாள்.

“இண்டைக்குப் பழகினது காணும் மாமி. வீட்டை போவம்.”

“இன்னொருக்கா ஓடிப் பாக்கிறன்” என்றா மாமி.

பின்னேரங்களில் அந்த வளவில் ஒரே சத்தம்தான்.

“ரெண்டு பிரேக்கையும் சேத்து அமத்துங்கோ! மெல்ல! நிக்கப் போகேக்கை கிளச்!”

ஊரும் கதைத்தது. கிழவியைக் கழட்டிவிடத்தான் மருமகள் அவசரப்படுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

மாமி லைசென்ஸ் சோதனையில் பாஸ் பண்ணினா.

அடுத்த நாள் காலை, பின்னால் கத்தரிக்காய் மூட்டையைக் கட்டிக்கொண்டு, சுன்னாகம் சந்தைக்குத் தனியே புறப்பட்டா. முதலாம் கியர், இரண்டாம், மூன்றாம். காற்று முகத்தில் அடித்தது. மாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திடீரென்று ஒழுங்கைக்குள் இருந்து ஒரு சைக்கிள், பக்கம் பாராமல் றோட்டில் ஏறியது.

மாமி பதறவில்லை. அக்சிலேட்டரைக் குறைத்தா. இரண்டு பிரேக்கையும் சேர்த்து அமத்தினா. கடைசியில் கிளச். இடது கால் நிலத்தில். வண்டி ஆடாமல் அசையாமல் நின்றது. எஞ்சின்கூட நிற்கவில்லை.

ஒரு முழம் முன்னால், சைக்கிளில் வெலவெலத்துப்போய் நின்றவர் செல்வரட்ணம்.

பிழை தன்னுடையது என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

“இந்த வயதிலை உம்மைத் தனிய றோட்டிலை விட்டிட்டாளே, நன்றி கெட்டவள்!”

“அவள் பழக்கமாட்டன் எண்டுதான் அண்ணை நிண்டவள். நான்தான் சாப்பிடாமல் கிடந்து சம்மதிக்க வைச்சனான்.”

“நீரோ? உமக்கேன் தங்கச்சி இந்த வேலை?”

“ ‘நான் போனால் மாமியைச் சந்தைக்கு ஆர் ஏத்துறது’ எண்டு கேட்டுக் கேட்டே, வந்த கலியாணம் எல்லாத்தையும் தட்டிப்போட்டாள்.” மாமி முதலாம் கியரைப் போட்டா. “இப்ப என்ன சாட்டுச் சொல்லுறாள் எண்டு பாப்பம்!”