நடைபாதை ஓர நாற்றுகள்

"நாத்துக்கு ஏதோ ஹார்மோன் மருந்து அடிச்சிருக்கீங்க. எனக்கு வேண்டாம் பெரியவரே" என்று, தக்காளி நாற்று வாங்க வந்தவர் கையிலெடுத்த நாற்றுத் தட்டைக் கீழே வைத்தார்.

பண்ணைக்காரப் பெரியவர் விறைத்து நின்றார். "என்ன பேச்சு இது? எங்க அப்பா காலத்துலேருந்து இந்தப் பண்ணைக்குள்ள மருந்து புட்டி நுழைஞ்சதில்லை."

"சுவரோரம் இருக்கிறது ஒட்டடைக் குச்சி மாதிரி நிக்குது. நடைபாதை ஓரம் இருக்கிறது மட்டும் குட்டையா, தண்டு திரண்டு இருக்கே. ஒரே விதைதானே?"

பெரியவர் திரும்பி, தாவரவியல் படித்த மருமகளை முறைத்தார். "உண்மையைச் சொல்லும்மா. நாலு பேர் காதுல விழுந்தா நம்ம குடும்பப் பேரு என்ன ஆகும்?"

"மருந்து எதுவும் இல்லை மாமா. நாத்தை அடிக்கடி தொட்டா, உயரமா வளர வைக்கிற ஹார்மோனை அதுவே குறைச்சுக்கும். தண்டு தடிக்கும்."

"வேலைவெட்டி இல்லாம அதைத் தொட்டுக்கிட்டு இருக்கிறது யாரு?"

மருமகள் தயங்கினாள். "நீங்கதான் மாமா. தினமும் காலையில, யாரும் பார்க்கலைன்னு நினைச்சு, அந்த ஓரம் முழுக்கத் தடவிக் கொடுத்துக்கிட்டே நடப்பீங்களே."

வந்தவர் சிரித்தபடி தட்டை மறுபடி எடுத்துக்கொண்டார்.

வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்ட மகன், வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். "என்னை ஒருநாளாவது அப்படித் தடவிக் கொடுத்திருக்கீங்களாப்பா?"

பெரியவர் விறைப்பு குறையாமல் அவனை அண்ணாந்து பார்த்தார்.

"கொடுத்திருந்தா இந்த உயரம் வந்திருப்பியாடா?"