ஞாயிற்றுக்கிழமை மீன்கள்

எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் அடியேனை மன்னிக்க வேண்டும். இதுவரை நான் எழுதியவை நீர்ப் பரிசோதனை அறிக்கைகள் மட்டுமே. அவற்றையும் எவரேனும் இறுதிவரை படித்ததாகத் தகவல் இல்லை.

ஏழாவது மீன் வலையில் துள்ளியபோது நான் அழுதுவிட்டேன். 1986ஆம் ஆண்டு, பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் பின்னால், கிள்ளான் ஆற்றில் முழங்கால் அளவு சேற்றில் நின்றிருந்தேன். பாட்டிலும் பிளாஸ்டிக் பையும் மட்டுமே மிதந்துவந்த அந்த ஆற்றில், வெள்ளி நிறத்தில் ஏழு லம்பாம் மீன்கள்.

அவற்றை அளந்து, குறித்துக்கொண்டு, மீண்டும் ஆற்றிலேயே விட்டேன்.

என் கண்ணீருக்குக் காரணம் உண்டு. நன்னீர் உயிரியல் சங்கத்தில் நான் பன்னிரண்டு ஆண்டுகளாகத் துணை உறுப்பினர். துணை உறுப்பினருக்கு வாக்கு இல்லை. சிலைடு புரொஜெக்டரைத் தூக்கிவரவும், தேநீருக்கு வரும் கறிபாப் பலகாரம் சூடாக இருக்கிறதா என்று பார்க்கவும் முழு உரிமை உண்டு. ஆண்டுக் கூட்டத்தில் சொந்தமாக ஓர் ஆய்வுக் கட்டுரை வாசித்தால்தான் முழு உறுப்பினர் ஆகலாம்.

அந்த மீன்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டுமே கிடைத்தன. புதன்கிழமை வேலை முடிந்து போய் வலை வீசினால் ஒரு செருப்புக்கு மேல் வருவதில்லை. நான் தளரவில்லை. சனிக்கிழமை மதியத்தோடு தொழிற்சாலைகள் மூடிவிடுவதால் ஆறு இளைப்பாறுகிறது, உடனே மீன்கள் திரும்புகின்றன என்று ஒரு கருதுகோள் அமைத்தேன். அதற்கு 'ஓய்வுநாள் மீட்சி' என்று பெயரும் சூட்டினேன்.

வாசிக்கும்வரை ஆய்வின் முடிவை வெளியிடலாகாது என்பது சங்கத்தின் விதி. விதியைக் காப்பதில் எனக்கு நிகர் எவருமில்லை. என் மனைவி புஷ்பவல்லியிடம்கூட மூச்சு விடவில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சைவம். ஆயினும் அந்த நாட்களில் மாலை வேளையில் குளியலறை வாளியில் மீன் வாடை அடித்தது. என் ரப்பர் பூட்ஸின் குற்றம் என்று முடிவு செய்து, பூட்ஸை இருமுறை கழுவினேன்.

பதினொரு வாரக் கணக்கோடு ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். அன்றும் ஞாயிற்றுக்கிழமை, காலையில் கிடைத்த எட்டு மீன்களையும் அட்டவணையில் சேர்த்திருந்தேன். தலைவர் டாக்டர் யோகநாதன் கண்ணாடியைக் கழற்றிவைத்துக் கண்ணயராமல் ஒரு கட்டுரையைக் கேட்டது அதுவே முதல் முறை. கிள்ளானிலிருந்து வந்த வேதியியல் விரிவுரையாளர் மார்க்கிரட் மட்டும் கையை உயர்த்தினார்.

"குஞ்சு ஒண்ணுகூட இல்லையா வேலாயுதம்? ஒன்பதுக்கு மேல எண்ணிக்கையும் போகல. எல்லாம் ஒரே சைஸ், ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட மாதிரி இருக்குலா."

அவை சிரித்தது. சீரான வளர்ச்சி ஆற்றின் நலத்தையே காட்டுகிறது என்று பணிவுடன் விடையளித்தேன். அவையும் பணிவுடன் கைதட்டியது.

முழு உறுப்பினர் சான்றிதழைச் சட்டமிட்டே கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு பதினெட்டு உறுப்பினர்களும் வலையோடு ஆற்றுக்கு வருவதாகத் தலைவர் அறிவித்தார்.

வீட்டுக்கு வந்ததும் புஷ்பவல்லி சான்றிதழை வாங்கிச் சாமி படத்தின் முன் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று லம்பாம் மீன்களைப் பற்றியும், அடுத்த ஞாயிறு சங்கமே ஆற்றுக்கு வரவிருப்பதைப் பற்றியும் பெருமையோடு விவரித்தேன்.

அவள் கற்பூரத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அடுத்த ஞாயிறு வேணாங்க. நேர்த்திக்கடன் நேத்தோட முடிஞ்சிருச்சு. இனிமே யாரு மீன் விடுவா?"

எனக்குச் சனி பிடித்திருப்பதால்தான் சங்கத்தில் உயர்வு இல்லையென்று கோயில் ஜோசியர் சொன்னாராம். பதினொரு சனிக்கிழமை, பாசார் சந்தையில் ஒன்பது மீன்களை உயிரோடு வாங்கி, வாளியில் கொண்டுபோய், கோயிலுக்குப் பின்னால் ஆற்றில் விட வேண்டும். வெளியே சொன்னால் பலிக்காது என்பதால் அவளும் மூச்சு விடவில்லை.

விஞ்ஞானத்தின் பொருட்டு இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை விட முடியுமா என்று, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"சாமிக்கு விட்ட மீனுங்க அது. உங்க சங்கத்த ஏமாத்த ஒண்ணுகூட வாங்கமாட்டேன்."

மறுநாள் டாக்டர் யோகநாதனுக்கு உண்மையைக் கடிதமாக எழுதி, சான்றிதழையும் உடன் அனுப்பினேன். அவர் கனிவான மனிதர். அடுத்த கூட்டத்துக்குப் புரொஜெக்டரை மறவாமல் கொண்டுவரும்படி பதில் எழுதியிருந்தார்.

இழந்தவை: கருதுகோள் ஒன்று. சான்றிதழ் ஒன்று, சட்டத்துடன். பதினொரு ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். லம்பாம் மீன்கள், தொண்ணூற்றொன்பது.